தப்புக்கதிர் பொறுக்கப் போன இயக்குநர்

சினிமா எடுக்க வந்தவர்கள் பலருக்கும் இப்படி ஒரு காலம் வருகிறது. அலமாரியில் ஸ்கிரிப்ட் இருக்கும். எடிட் பண்ணத் தெரியும். கூப்பிட்டால் ஓடிவர நாலு நண்பர்கள் இருப்பார்கள். ஆனாலும் காலையில் எழுந்து உட்கார்ந்தால், இதை எதற்காக எடுக்க வேண்டும் என்று உள்ளிருந்து ஒரு கேள்வி எழும். பதில் மட்டும் வராது. பணம் கிடைக்காமல் படம் நின்றுபோவதைப் பற்றி நாம் நிறையவே பேசியிருக்கிறோம். டீக்கடையில், பிரிவியூ தியேட்டர் வாசலில், உதவி இயக்குநர்கள் கூடித் தங்கும் அறைகளில் எல்லாம் அந்தப் பேச்சுதான். இந்த இன்னொரு வகைத் தேக்கத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. சொன்னால் சோம்பேறி என்று நினைத்துவிடுவார்களோ என்று ஒரு பயம்.

இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஆக்னஸ் வர்தா நினைவுக்கு வருகிறார். உலகம் கொண்டாடிய இயக்குநர், பிரெஞ்சு சினிமாவின் புதிய அலைக்கு முன்னோடி, கௌரவ ஆஸ்கர் வாங்கியவர் என்று அவரைப் பற்றி நிறையச் சொல்லலாம். எனக்கு அவர் முக்கியமாவது வேறொரு காரணத்துக்காக. திசை தவறி நின்ற ஒவ்வொரு முறையும் அவர் வெளியே வந்த விதம் அநேகமாக ஒன்றுதான். அதை விளக்கமாகச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் 1995க்குப் போவோம். சினிமா பிறந்து நூறு ஆண்டு ஆன வருடம் அது. அதைக் கொண்டாடும் விதமாக வர்தா ஒரு பெரிய படம் எடுத்தார், 'நூற்றியொரு இரவுகள்'. நூறு வயதை நெருங்கும் ஒரு கிழவர், பெயரே சீமோன் சினிமா. அவர் வீட்டுக்கு நட்சத்திரங்கள் ஒவ்வொருவராக வந்து போகிறார்கள். கிழவராக மிஷேல் பிக்கோலி. வந்து போகிறவர்களின் வரிசை மலைக்க வைக்கும்: மார்செல்லோ மாஸ்ட்ரோயானி, கேத்தரின் டெனவ், அலென் டெலோன், ழான்-போல் பெல்மொண்டோ, ழான் மோரோ, ராபர்ட் டி நீரோ. ஒரே படத்தில் இத்தனை பேரை வேறு யார் கூட்டியிருக்க முடியும்?

படம் ஓடவில்லை. ரசிகர்களும் வரவில்லை, விமர்சகர்களும் மனம் வைக்கவில்லை.

அப்போது அவருக்கு வயது 67ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. ஐந்து வருடம் முன்பு, 1990 அக்டோபரில், கணவர் ழாக் தெமி இறந்திருந்தார். 'ஷெர்பூர் குடைகள்' எடுத்த அதே தெமிதான். அவர் நோயில் படுத்திருந்த மாதங்களில் அவருடைய சிறுவயது நினைவுகளை வைத்து வர்தா எடுத்த படம் 'நாந்த் நகரத்து ழாக்கோ' (1991). அதன் நடுநடுவே தெமியின் தோலும் முடியும் கையும் கண்ணும் மிக நெருக்கமாக வந்து போகும். பார்த்துக்கொண்டே இருந்தால் அந்த மனிதரைக் கொஞ்ச நேரம் இங்கேயே நிறுத்தி வைக்கலாம் என்று நினைத்து எடுத்ததுபோல இருக்கும். அதன்பிறகு தெமியைப் பற்றியே இன்னும் இரண்டு ஆவணப்படங்கள். பழைய படங்களைப் பாதுகாக்கும் வேலை. நடுவில் இந்தப் பெரிய தோல்வி. 1995க்குப் பிறகு, 2000 வரை அவரிடமிருந்து புதிதாக முழுநீளப் படம் எதுவும் வரவில்லை.

எழுபதைத் தொட்ட ஒரு கலைஞர் அங்கேயே நிறுத்தியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 'ஐந்திலிருந்து ஏழுவரை க்ளியோ' (1962) ஒன்றே போதும், பெயர் நிற்கும். 1985இல் வெனிஸில் தங்கச் சிங்கம் வாங்கிய 'வகபாண்ட்' இருக்கிறது. பின்னோக்கு விழாக்களில் மாலை வாங்கிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? கையில் அடங்குகிற ஒரு சின்ன டிஜிட்டல் கேமராவை எடுத்துக்கொண்டு உருளைக்கிழங்கு வயலுக்குப் போனார்.

அப்படி வந்த படம்தான் 2000இல் வெளியான 'லே க்ளனேர் எ லா க்ளனேஸ்'. ஆங்கிலத்தில் 'தி க்ளீனர்ஸ் அண்ட் ஐ' என்று தேடினால் கிடைக்கும். இந்தப் பதிவில் 'கதிர் பொறுக்குவோரும் நானும்' என்று வைத்துக்கொள்கிறேன். பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கும் மிலேயின் ஓவியம் (1857) பலரும் பார்த்ததுதான்: அறுவடை முடிந்த வயலில் மூன்று பெண்கள் குனிந்து சிதறிய கதிர்களைப் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். வர்தா அங்கிருந்துதான் தொடங்குகிறார். அந்தப் பெண்கள் இன்று எங்கே? குனிந்து பொறுக்குகிறவர்கள் இப்போது யார்?

இந்தக் கேள்விக்கு நமக்கு விளக்கவுரை வேண்டியதில்லை. காவிரிப் படுகையில் அறுப்பு முடிந்ததும் பெண்களும் பிள்ளைகளும் வயலில் இறங்கித் தப்புக்கதிர் பொறுக்குவார்கள். திண்டிவனம், விழுப்புரம் பக்கம் நிலக்கடலை பிடுங்கி முடித்த நிலத்தைக் கிளறி, மண்ணுக்குள் தங்கிப்போன காய்களை எடுப்பார்கள். அறுவடை இயந்திரம் ஓடி முடித்த வயலில் சிந்திக் கிடக்கும் நெல்லைத் தேடி வாத்துக் கூட்டங்களை ஓட்டி வருகிறவர்களும் உண்டு. பிரான்சிலும் இது பழைய உரிமைதான். அறுவடை முடிந்தபின் ஏழைகள் பகல் பொழுதில் வயலில் இறங்கிப் பொறுக்கிக்கொள்ளலாம் என்று 1554ஆம் ஆண்டின் அரசாணையே இருக்கிறது. படத்தில் ஒரு வழக்கறிஞர் தன் நீதிமன்ற அங்கியோடு வயலுக்கு நடுவே நின்று சட்டத்தைச் சொல்வார். அந்தக் காட்சியைப் பார்த்தால்தான் தெரியும், சட்டம் பேசும் ஒரு ஷாட் எவ்வளவு அழகாக இருக்க முடியும் என்று.

உருளைக்கிழங்கு விஷயத்துக்கு வருகிறேன். கடைக்குப் போகிற கிழங்குக்கு ஒரு அளவு உண்டு. அதைவிடப் பெரியது, கோணலானது, வெட்டுப்பட்டது, வெயில் பட்டுப் பச்சை ஏறியது எல்லாம் கழிவு. லாரி லாரியாகக் கொண்டுவந்து வயலில் கொட்டிவிட்டுப் போகிறார்கள். அந்தக் குவியலில் வர்தா இதய வடிவத்தில் இருந்த கிழங்குகளைக் கண்டுபிடிக்கிறார். ஒரு கையால் அதைப் பொறுக்கி, மறு கையால் படம் பிடிக்கிறார். வீட்டுக்கு எடுத்துப்போய் வைத்துக்கொண்டு, அது சுருங்குவதையும் முளைவிடுவதையும் படமெடுக்கிறார். பசித்தவர்களுக்கு உணவளிக்கும் தொண்டு அமைப்பின் ஆட்களும் அதே வயலுக்கு வந்து மூட்டை மூட்டையாக எடுத்துப் போகிறார்கள்.

கழித்துக் கொட்டிய குவியல் ஒன்றுதான். ஒருவருக்கு அதில் சோறு கிடைக்கிறது, இன்னொருவருக்குப் படம் கிடைக்கிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததில்தான் படத்தின் நேர்மை இருக்கிறது. அவர்களுடைய பசியும் தன்னுடைய பசியும் ஒன்று என்று வர்தா எங்கேயும் சொல்வதில்லை. எனக்குத் தேவையானது இது, அவர்களுக்குத் தேவையானது அது, இருவரும் ஒரே வயலில் குனிந்து நிற்கிறோம், அவ்வளவுதான்.

படம் முழுக்க மனிதர்கள். வேலையும் குடும்பமும் கைவிட்டுப் போய் கேரவனில் வாழும் முன்னாள் லாரி ஓட்டுநர். மலையில் மூலிகை பறித்துத் தன் சமையலுக்கு எடுத்துப்போகும் புகழ்பெற்ற இளம் சமையல்காரர். வசதி இருந்தும், இவ்வளவு உணவை வீணடிக்கிறார்களே என்ற கோபத்தில் குப்பைத்தொட்டியிலிருந்தே சாப்பிடும் ஒருவர். நுவார்முத்தியே தீவில், கடல் சீறி அடித்த பிறகு பண்ணையிலிருந்து பிய்ந்து ஒதுங்கிய சிப்பிகளைப் பொறுக்குகிறவர்கள். எவ்வளவு எடுக்கலாம், எவ்வளவு தள்ளி நின்று எடுக்கலாம் என்பதற்கு ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். வர்தா யாரையும் அவசரப்படுத்துவதில்லை. பரிதாபப்பட வைப்பதும் இல்லை. பேச விட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இவர்களில் ஒருவரை என்னால் மறக்கவே முடியாது. பாரிஸில் சந்தை கலைந்த பிறகு, தரையில் கிடக்கும் காய்கறியையும் பழத்தையும் எடுத்து அங்கேயே நின்று சாப்பிட்டுக்கொண்டிருப்பார். வர்தா அவரைக் கொஞ்ச நாள் தூரத்திலிருந்தே கவனித்துவிட்டு, ஒருநாள் பக்கத்தில் போய்ப் பேச்சுக் கொடுக்கிறார். உயிரியலில் முதுகலை படித்தவர் அவர். ரயில் நிலைய வாசலில் பத்திரிகை விற்கிறார். தங்குவது ஒரு விடுதியில். அந்த விடுதியின் கீழ்த்தளத்தில், மாலியிலிருந்தும் செனகலிலிருந்தும் வந்து அங்கே தங்கியிருக்கும் தொழிலாளிகளுக்கு ஒவ்வொரு சாயங்காலமும் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறார். சம்பளம் கிடையாது. பலகையில் படம் வரைந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கும் அந்த வகுப்பைப் பார்க்கும்போது, சந்தையில் குனிந்து நின்றவரைப் பற்றி நாம் மனசுக்குள் எழுதி வைத்திருந்தது எல்லாம் அழிந்துபோகிறது. ஒரு திரைக்கதையை முன்னாலேயே எழுதிவைத்துக்கொண்டு போயிருந்தால் வர்தாவுக்கு இந்த மனிதர் கிடைத்திருப்பாரா? சந்தைக் காட்சியோடு மூட்டை கட்டியிருப்பார்.

சின்ன கேமரா செய்த உதவி இதுதான். பத்துப் பதினைந்து பேர் கொண்ட குழு, விளக்குகள், தண்டவாளம், கிரேன் என்று போய் நின்றால் அந்த மனிதர் ஒரு கத்தரிக்காயைக்கூட எடுத்திருக்க மாட்டார். ஒரு வயதான அம்மா கையில் ஒரு பொருளை வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தால் பேசத் தோன்றும். டிஜிட்டல் கேமரா வந்த புதிதில் எல்லோரும் அதன் மலிவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அது மனிதர்களுக்கு எவ்வளவு பக்கத்தில் நம்மைக் கூட்டிப்போகும் என்பதை வர்தா உடனே பிடித்துக்கொண்டார்.

கேமராவைத் தன் பக்கமும் அவர் திருப்பினார். சுருக்கம் விழுந்து, புள்ளிகள் படர்ந்த தன் கையை மறு கையால் மிக நெருக்கத்தில் எடுக்கிறார். நரைத்த முடியின் வேரை எடுக்கிறார். முதுமை வந்துவிட்டது, முடிவு தூரத்தில் இல்லை என்று தன் குரலிலேயே சொல்கிறார். பத்து வருடம் முன்பு தெமியின் தோலைப் பார்த்த அதே பார்வைதான் இது. அன்று பிரியப்போகிற ஒருவரைப் பார்த்தது, இன்று தன்னையே பார்க்கிறது. காரில் போகும்போது விரல்களை வட்டமாக்கி, எதிரே வரும் லாரிகளை ஒவ்வொன்றாகப் 'பிடிக்கும்' விளையாட்டும் அதே கையால்தான். ஒரு இடத்தில் கேமராவை அணைக்க மறந்துவிட்டு நடக்கிறார். லென்ஸ் மூடி தரைக்கு மேலே ஊசலாடுவது பதிவாகிவிடுகிறது. எடிட் மேசையில் வெட்டித் தூர எறிய வேண்டிய துண்டு. அவர் அதற்கு ஜாஸ் இசை சேர்த்து, மூடியின் நடனமாகப் படத்தில் வைத்துவிட்டார். தெருவில் யாரோ போட்டுவிட்டுப் போன, முள் இல்லாத ஒரு கடிகாரத்தையும் வீட்டுக்கு எடுத்துவந்து படத்தில் வைத்திருக்கிறார்.

எழுபதைத் தாண்டிய ஒருவரின் படம் இது. இதில் இருக்கும் குறும்பும் துள்ளலும் எந்தத் திரைப்படக் கல்லூரி மாணவனிடமும் நான் பார்த்ததில்லை.

படம் வெளியானதும் கடிதங்களும் சின்னச் சின்னப் பரிசுகளும் வந்து குவிந்தன. வர்தா திரும்பவும் கிளம்பிப் போனார். படத்தில் வந்தவர்களைத் தேடிப் பார்த்து, 2002இல் 'இரண்டு வருடம் கழித்து' என்று ஒரு தொடர்ச்சி எடுத்தார். சந்தையில் பார்த்த அந்த ஆசிரியர் இதிலும் வருகிறார். பாரிஸ் மாரத்தானில் ஓடுகிறார். கூடவே, முதல் படத்தில் வர்தா தன்னைப் பற்றியே எடுத்து வைத்த பகுதிகள் தேவையில்லாதவை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்கிறார். வர்தா அதையும் படத்தில் வைத்திருக்கிறார். ஆவணப்படம் எடுக்கிற எல்லோரும் பார்க்க வேண்டிய இடம் இது. நம் கேமராவுக்கு முன்னால் நின்றவருக்கு நம் படத்தைப் பற்றி ஒரு கருத்து இருக்கும், அதைச் சொல்ல உரிமையும் உண்டு. எத்தனை பேர் அதைக் கேட்கத் திரும்பிப் போகிறோம்?

1995 தோல்விக்குப் பிறகு வந்த இந்த மீட்சி ஒரு அதிசயம்போலத் தோன்றலாம். அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால், இது அவர் பழகிய பாதைதான் என்று புரியும்.

1954இல் தென்பிரான்ஸின் செத் நகரத்தில், லா புவான்த் கூர்த் என்ற மீனவக் குடியிருப்பில் முதல் படத்தை எடுக்கும்போது அவர் நாடகக் குழு ஒன்றின் புகைப்படக்காரர். சினிமா படித்தவரும் இல்லை, நிறையப் படம் பார்த்தவரும் இல்லை. சொந்தமாக ஒரு சின்ன நிறுவனத்தைத் தொடங்கி, நடிகர்களையும் குழுவையும் கூட்டுறவாகச் சேர்த்துக்கொண்டு எடுத்தார். மீனவர்கள் மீனவர்களாகவே வந்தார்கள். எடிட் செய்து கொடுத்தவர் இயக்குநர் அலென் ரெனே. புதிய அலையின் புகழ்பெற்ற படமான த்ரூஃபோவின் 'நானூறு அடிகள்' வருவதற்கு ஐந்து வருடம் முன்பு நடந்த கதை இது.

1967இல் தெமிக்கு ஹாலிவுட் வாய்ப்பு வந்தபோது வர்தாவும் லாஸ் ஏஞ்சலிஸ் போனார். ஒரு பெரிய ஸ்டுடியோவுக்கு அவர் எழுதிய படம், இறுதி வடிவத்தைத் தீர்மானிக்கும் உரிமையைக் கொடுக்க மறுத்ததால் நின்றுபோனது. அந்த நாட்டில் இருந்த காலத்தில், சான் பிரான்சிஸ்கோ பக்கம் அவர் கண்டுபிடித்த தன் சொந்தக்காரப் பெரியவர் ஒருவரைப் பற்றி ஒரு குறும்படம், ஓக்லாந்தில் கறுப்பின மக்களின் கறுஞ்சிறுத்தைகள் இயக்கத்தின் கூட்டங்களைப் பற்றி ஒரு குறும்படம் என்று எடுத்துக்கொண்டே இருந்தார்.

பாரிஸ் திரும்பினார். 1972இல் மகன் மத்தியூ பிறந்தான். கைக்குழந்தையை விட்டுவிட்டு வெளியூர் போய்ப் படமெடுக்க முடியாது. அவர் வீடு இருந்த தகேர் தெருவிலேயே ஒரு படம் எடுக்க முடிவு செய்தார். மின்சாரத்தை வீட்டு மீட்டரிலிருந்தே எடுத்தார். ஏறத்தாழ 80 மீட்டர் ஒயர். ஒயர் எட்டும் தூரம்தான் படத்தின் எல்லை. ரொட்டிக்கடை, கறிக்கடை, தையல்காரர், வாசனைத் திரவியக் கடையில் உட்கார்ந்திருக்கும் வயதான தம்பதி. 1975இல் வந்த 'தகேரியோடைப்ஸ்' இப்படித்தான் உருவானது. சாயங்காலமானால் கதவு வரை போய், வெளியே போக முடியாமல் நிற்கும் அந்தக் கடைக்காரப் பெண்மணியை ஒருமுறை பார்த்தால் மறக்க மாட்டீர்கள்.

அடுத்த இருட்டு 1980ஐ ஒட்டி. தெமியும் அவரும் பிரிந்திருந்த காலம். மகனோடு மறுபடி லாஸ் ஏஞ்சலிஸில் இருந்தார். அந்த ஊர்ச் சுவர்களில் மக்கள் வரைந்திருந்த பெரிய ஓவியங்களைப் பற்றி 'ம்யூர் ம்யூர்' எடுத்தார். கூடவே 'தோக்யுமாந்தேர்' (1981) என்று ஒரு சின்னப் படம்: கணவனைப் பிரிந்து, மகனோடு அந்நிய ஊரில் வீடு தேடும் ஒரு பிரெஞ்சுப் பெண்ணின் கதை. கதாநாயகி யார் தெரியுமா? அவருடைய எடிட்டர் சபீன் மாமூ. பையனாக நடித்தது மத்தியூவே. பக்கத்தில் யார் இருந்தார்களோ அவர்களை வைத்துத் தன் வலியைப் படமாக்கினார். நான்கு வருடம் கழித்து, 1985இல், 'வகபாண்ட்' வந்தது.

இதை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. பெரிய இடத்தில் அடி விழும்போது வர்தா அதைவிடப் பெரியதாக ஒன்றைச் செய்து காட்ட முயலவில்லை. படத்தின் உருவத்தைச் சின்னதாக்கினார், மனிதர்களுக்குப் பக்கத்தில் போனார். எதற்காகப் படம் எடுக்கிறேன் என்ற கேள்விக்கு அவர் வீட்டில் உட்கார்ந்து பதில் தேடவில்லை. எதிரே இருக்கும் ஒரு ஆளைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினார். பதில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வந்தது.

இதற்கு ஒரு நடைமுறைப் பின்னணி உண்டு, அதையும் சொல்ல வேண்டும். முதல் படத்துக்காகத் தொடங்கிய நிறுவனத்தை, பின்னாளில் சினே-தமாரிஸ் ஆனதை, அவர் கடைசிவரை விடவில்லை. வீடும் அலுவலகமும் எடிட் அறையும் ஒரே தெருவில். தன் படங்களின் உரிமை தன்னிடம். தெமியின் படங்களையும் மீட்டுப் பாதுகாத்தது அந்த நிறுவனம்தான். நினைத்த நாளில் கேமராவை எடுத்துக்கொண்டு வெளியே போகவும், எடுத்ததை அன்றே வந்து பார்க்கவும், மாதக்கணக்கில் ஒரு காட்சியோடு உட்கார்ந்திருக்கவும் அவரால் முடிந்ததற்கு இதுதான் காரணம். சுதந்திரம் என்பது ஒரு மனநிலை என்று பலர் சொல்வார்கள். வர்தாவிடம் அது ஒரு முகவரியாகவும் இருந்தது.

தோல்வியை அவர் என்ன செய்தார் என்பதற்கு இன்னொரு சாட்சி இருக்கிறது. 1966இல் டெனவையும் பிக்கோலியையும் வைத்து அவர் எடுத்த 'லே க்ரெயத்யூர்' தோற்றுப்போன படம். அதன் 35 மி.மீ. பிரிண்டுகள் பெட்டிகளில் கிடந்தன. 2006இல் பாரிஸின் கார்த்தியே அறக்கட்டளையில் நடந்த கண்காட்சிக்கு அந்தப் படச்சுருள்களையே சுவராகவும் கூரையாகவும் தொங்கவிட்டு ஒரு குடிசை கட்டினார். அதற்கு அவர் வைத்த பெயர் தோல்விக் குடிசை. உள்ளே நின்றால் ஃபிலிம் வழியாக வெளிச்சம் விழும். நாற்பது வருடம் முன்பு தியேட்டர்களில் ஓடாத படத்துக்குள் ஜனங்கள் நடந்து போனார்கள்.

இதற்கு முன்பே, 2003 வெனிஸ் பினாலேயில், 700 கிலோ உருளைக்கிழங்கைத் தரையில் கொட்டி, முளைவிட்ட இதயக் கிழங்குகளை மூன்று திரைகளில் காட்டினார். கிழங்கு மாதிரியே ஒரு உடை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். 75 வயதில் புதிதாக ஒரு தொழில், காட்சிக்கலை. 2008இல் தன் வாழ்க்கையையே கடற்கரைகளின் வழியாகச் சொன்ன 'ஆக்னஸின் கடற்கரைகள்' வந்தது. 2017இல் ஜேஆர் என்ற இளம் கலைஞரோடு வேனில் ஊர் ஊராகப் போய், சாதாரண மனிதர்களின் முகங்களைப் பெரிதாக அச்சடித்துச் சுவர்களில் ஒட்டிய 'முகங்கள், இடங்கள்' வந்தது. அதே ஆண்டு நவம்பரில் கௌரவ ஆஸ்கர். பெண் இயக்குநர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல்முறை. 2019 மார்ச் 29 அன்று, 90 வயதில், அதே தகேர் தெரு வீட்டில் இறந்தார். கடைசிப் படம் அதற்குச் சில வாரங்கள் முன்னால்தான் பெர்லின் விழாவில் திரையிடப்பட்டிருந்தது.

என்னைப் பற்றிக் கொஞ்சம். நான் சென்னையில் கல்யாண வீடியோவும் கம்பெனிப் படங்களும் எடுத்துப் பிழைக்கிறவன். இடையிடையே சொந்தமாக ஆவணப்படங்கள். நெடுநாள் உழைத்த ஒரு படம், பணம் தருவதாகச் சொன்னவர் விலகிக்கொண்டதால் பாதியில் நின்றது. அதன்பிறகு ரொம்ப நாள் என் கேமரா பிழைப்புக்கு மட்டுமே பையிலிருந்து வெளியே வந்தது. 'கதிர் பொறுக்குவோரும் நானும்' அப்போதுதான் என் கண்ணில் பட்டது. பார்த்து முடித்ததும் எனக்குப் பெரிய திட்டம் எதுவும் தோன்றவில்லை. எங்கள் தெரு முனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணனிடம் போய், "அண்ணே, நீங்க வேலை பாக்குறத கொஞ்சம் எடுக்கலாமா?" என்று கேட்டேன். "எடுத்துக்க தம்பி, ஆனா துணிக்காரங்க பேரு வராம பாத்துக்க" என்றார். ஒவ்வொரு வீட்டுத் துணியையும் மடிப்பைப் பார்த்தே அடையாளம் சொல்வார். யார் வீட்டில் புதிதாக வேலை கிடைத்திருக்கிறது, யார் வீட்டில் சட்டைகள் குறைந்துவிட்டன என்பது அவருக்குத் தெரியும், யாரிடமும் சொல்ல மாட்டார். இதை நான் தினமும் கடந்து போயிருக்கிறேன். அந்தப் படம் இப்போது எடிட்டில் இருக்கிறது. எங்கே திரையிடுவேன் என்று முடிவு செய்யவில்லை. எதற்காக எடுக்கிறேன் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கடைசியாக, இப்போது தேங்கி நிற்கிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹீரோ தேதி கொடுக்கட்டும், ஓடிடி திறக்கட்டும், நல்ல கதை கிடைக்கட்டும் என்று காத்திருப்பதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன், அதுவும் தொழிலின் பகுதிதான். ஆனால் காத்திருக்கும் நாட்களைச் சும்மா விடாதீர்கள். இன்று ராத்திரி அந்த உருளைக்கிழங்குப் படத்தைப் பாருங்கள், ஒன்றேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் ஆகும். நாளைக்கு உங்கள் வீட்டு மீட்டரிலிருந்து ஒரு ஒயர் எட்டும் தூரத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று நடந்து பாருங்கள். ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். முதலில் பேசுங்கள், அனுமதி கேளுங்கள். கையில் இருக்கிற போனே போதும், எடுக்கத் தொடங்குங்கள்.